சர்க்கரைச் சிற்பி கரேம்

தை பிறந்தால் பெங்களூரில் நம் கன்னட நண்பர்களின் வீடுகளிலிருந்து ஒரு தட்டு வரும். எள், வெல்லம், கொப்பரை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை எல்லாம் கலந்த கலவை ஒரு பக்கம். கரும்புத் துண்டு ஒரு பக்கம். நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு கிளி. சில வீடுகளில் யானை, சில வீடுகளில் துளசி மாடம். கடித்தால்தான் அது முழுக்க முழுக்கச் சர்க்கரை என்பது தெரியும். சக்கரை அச்சு என்று அதற்குப் பெயர். பாகு காய்ச்சி, பால் விட்டு அழுக்கெடுத்து, மர அச்சில் ஊற்றி ஆறவைத்து எடுக்கிறார்கள்.

அதே ஊரில் டிசம்பர் மாதம் வந்தால் வேறொரு காட்சி. 1975 முதல் நடந்துவரும் கேக் கண்காட்சியில் ஆள் உயர மாளிகைகளும் விலங்குகளும் சர்க்கரையால் எழுந்து நிற்கும். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் நெரியும். அவற்றைப் பார்த்து மயங்கி, தாமும் செய்ய வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சேருகிறவர்கள் பலர். அங்கே முதல் சில நாட்களில் அவர்களுக்குக் கிடைப்பது மாளிகை அல்ல; முட்டை வெள்ளைக்கருவில் சர்க்கரைப் பொடியை அடித்துக் காகிதக் கூம்பில் அடைத்து, ஒரு பலகையின் மேல் நேர்கோடு இழுக்கும் வேலைதான். கை நடுங்கும், கோடு நெளியும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் இழுக்க வேண்டும்.

இந்தக் கோட்டுப் பயிற்சியின் அருமையைத் தம் வாழ்நாள் முழுவதும் உணர்ந்திருந்த ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தேன். அவர் பெயர் மாரி அந்துவான் கரேம். பாரிசு நகரத்துக்காரர். சக்கரவர்த்திகளுக்குச் சமைத்தவர் என்று உலகம் அவரைப் புகழ்கிறது. அதைவிட, புத்தகசாலையில் உட்கார்ந்து பலகாரம் செய்யக் கற்றவர் என்பதே மாணவர்களாகிய நமக்குச் சுவையான செய்தி.

கரேம் பிறந்தது 1783 அல்லது 1784, ஜூன் 8ஆம் நாள். தகப்பனார் கூலித் தொழிலாளி. வீட்டிலோ பிள்ளைகள் ஏராளம். பிரான்சு நாட்டு அரசியின் பெயரைத் தழுவிப் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். பாவம், அந்தப் பெயரால் ஒரு காசு வரவில்லை. சில ஆண்டுகளில் அந்த அரசியின் தலையே போயிற்று. வளர்ந்த பிறகு அவர் அந்தோனென் என்று சுருக்கமாகக் கையெழுத்திட்டது நல்ல யோசனைதான்.

புரட்சி மூண்டது. 1791இல் மேற்கிந்தியத் தீவுகளில் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த சான் தொமிங்கில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஐரோப்பாவுக்குச் சர்க்கரை அனுப்புவதில் அந்நாளில் முதலிடம் வகித்த நாடு அது. அங்கே தோட்டங்கள் எரிந்தன. இங்கே பாரிசில் விலை ஏறியது. 1792 ஜனவரியில் சர்க்கரைக்காகவே பாரிசுத் தெருக்களில் கலகம் நடந்தது. ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் ஒருநாள் கரேமின் தகப்பனார் மகனை அழைத்துக்கொண்டு போய், இனி உன் பிழைப்பை நீயே பார்த்துக்கொள் என்னும் கருத்துப்படச் சொல்லித் தெருவில் விட்டுவிட்டுப் போனார். பையனுக்கு வயது பத்துக்கூட நிரம்பியிருக்குமோ என்னவோ. வறுமை அவரை அப்படிச் செய்ய வைத்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரவில் அந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்?

ஏழைகள் சாப்பிடும் ஒரு சாப்பாட்டுக் கடை அவனுக்குக் கதவைத் திறந்தது. எடுபிடி வேலை, கூலி சோறும் படுக்க இடமும். சில ஆண்டுகள் அங்கே கழிந்தன. 1798 வாக்கில் அவன் பெய்யி என்பவரின் பலகாரக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வீவியேன் தெருவில் பேர்போன கடை அது. இந்தத் தெருப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சு நாட்டின் தேசிய நூலகம் இருந்தது வீவியேன் தெருவுக்கும் ரிஷெலியூத் தெருவுக்கும் நடுவில்தான். மாவு பிசைந்த கையைக் கழுவிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் நூலகம்.

பெய்யி நல்ல மனிதர். பையனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார். வாரத்தில் இரண்டு நாள், சில மணி நேரம் நூலகத்துக்குப் போய்வர அனுமதி கொடுத்தார். வேலைக்காரப் பையனுக்கு இப்படி ஓய்வு கொடுத்த முதலாளிகள் அந்நாளில் எத்தனை பேர்? நூலகத்தில் செதுக்கோவியங்கள் சேர்த்து வைத்த பிரிவு ஒன்று உண்டு. பள்ளிப் படிப்பு இல்லாத கரேம் அங்கே போய், கட்டடக் கலைப் புத்தகங்களைப் புரட்டினான். கிரேக்கர்களின் தூண்கள், இத்தாலிய மண்டபங்கள், எகிப்தியக் கோவில்கள், சீனத்துக் கோபுரங்கள், நம் இந்தியக் கட்டடங்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் காகிதத்தில் வரைந்தான். விஞ்ஞோலா என்ற இத்தாலியச் சிற்பநூல் ஆசிரியர் தூணின் பருமன் இவ்வளவு என்றால் உயரம் இவ்வளவு, தலைப்பலகை இவ்வளவு என்று வகுத்து வைத்த அளவுகளைப் பாடம் செய்தான். பகலில் கடை வேலை. இரவில், வரைந்து வந்ததைச் சர்க்கரையில் கட்டிப் பார்ப்பது.

சர்க்கரையில் எப்படிக் கட்டுவது? பலருக்கும் இது மாயமாகத் தோன்றும். விஷயம் என்னவோ நம் வீட்டு அடுக்களையில் நடப்பதுதான். நம் பாட்டிமார்கள் அதிரசத்துக்கு ஒரு பதம், பொரி உருண்டைக்கு ஒரு பதம் என்று பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். நீர் வற்ற வற்றப் பாகின் சூடு ஏறும்; சூடு ஏற ஏறப் பாகு இறுகும். கம்பிப் பதத்தைத் தாண்டி, உருட்டுப் பதத்தைத் தாண்டி, 150 பாகை சென்டிகிரேடு அளவுக்குப் போனால் ஆறியதும் கண்ணாடிபோல் உடையும். அந்தச் சூட்டில் இறக்கிக் கை பொறுக்கும் அளவு ஆறியதும் இழுத்து மடித்து, இழுத்து மடித்து வந்தால் பட்டுபோல் மினுக்கும். இழையாக வீசினால் நூலாகும். இதில் ஒரு நுட்பம் உண்டு. சங்கராந்திச் சர்க்கரைக் கிளிக்குப் பாகு பூத்து மணலாக வேண்டும். அதனால்தான் அதைக் கிளறி வெள்ளையாக்கி ஊற்றுகிறார்கள். இழுக்கிற பாகிலோ ஒரு மணிகூடப் பூக்கக் கூடாது. பூத்தால் எல்லாம் வீண். அதைத் தடுக்க எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு சில சொட்டு விடுவார்கள். ஒரே சர்க்கரை, இரண்டு நேர்மாறான வேலை.

தூணுக்கும் சுவருக்கும் வேறு வழி. சர்க்கரைப் பொடியில், தண்ணீரில் ஊறவைத்த பிசினைச் சேர்த்துப் பிசைவார்கள். டிராககாந்த் என்ற முட்செடியின் பிசின் அது. களிமண்போல் உருட்டலாம், தேய்க்கலாம், கத்தியால் அறுக்கலாம். காய்ந்தால் சுண்ணக்கல்லைப் போல நிற்கும். பெங்களூர் வகுப்புகளில் இன்று ரோஜா இதழ் செய்யப் பிசைவது இதன் வாரிசான மாவைத்தான். இதழின் ஓரத்தைக் குமிழ்க் கோலால் அழுத்தி அழுத்தி மெலிதாக்கினால் அது தானே சுருண்டுகொள்ளும். வெயிலும் காற்றும் உலர்ந்திருந்தால் ஒரே இரவில் காயும். மழைக்காலமோ, சென்னைக் கடற்காற்றோ என்றால் சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொண்டு தலை கவிழ்ந்துவிடும். பெங்களூரின் பனிக்கால வறட்சி இந்தக் கலைக்கு ஒரு வரப்பிரசாதம்.

கரேமின் மாளிகைகளும் இடிந்த கோட்டைகளும் நீரூற்றுகளும் பெய்யியின் கடைச் சன்னலில் ஏறின. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பெரிய இடத்து விருந்துகளுக்கு ஆணை வந்தது. கொஞ்ச காலத்தில் கரேம் சொந்தக் கடை வைத்தார். வெளிநாட்டு விவகார அமைச்சர் தாலெய்ரானின் விருந்துகளுக்கும் வேலை செய்தார். தாலெய்ரான் அரசியலில் பொல்லாத சூரர். எதிரியைக் கத்தியால் வெல்வதைவிட விருந்தால் வெல்வது மலிவு என்று அறிந்தவர். ஓர் ஆண்டு முழுவதும் ஒருமுறை வைத்த உணவை மறுமுறை வைக்காமல், அந்தந்தப் பருவத்துப் பொருள்களைக் கொண்டே விருந்து வகுக்கச் சொல்லிக் கரேமைச் சோதித்தார் என்று ஒரு கதை உண்டு. அந்த வீட்டில்தான் கரேம் பலகாரத்தோடு நில்லாமல் முழுச் சமையலும் கற்றுத் தேர்ந்தார். 1810இல் நெப்போலியனுக்கும் மரீ லூயீசுக்கும் நடந்த திருமண விழாக்களிலும் அவர் கைவேலை இருந்தது.

அந்த நாட்களில் பிரிட்டிஷ் கப்பற்படை கடலை அடைத்துவிட்டதால் பிரான்சில் சர்க்கரைக்குப் பெரும் பஞ்சம். தீவுகளில் 1794இல் ஒழித்த அடிமை முறையை 1802இல் நெப்போலியன் மீண்டும் கொண்டுவந்தார். சான் தொமிங்கு மக்கள் பணியவில்லை. 1804இல் ஹைத்தி என்ற பெயரில் தனி நாடானார்கள். பிறகுதான் நெப்போலியன் பீட்ரூட் கிழங்கில் சர்க்கரை எடுக்க 1811இல் ஆணையிட்டார். ஊரெல்லாம் காப்பிக்குச் சர்க்கரை இல்லாமல் திண்டாடியபோது, பிரபுக்களின் மேசையில் அது கோபுரமாக எழுந்து நின்றது. கரேமின் கலையைப் புகழும்போது இதையும் மறைக்காமல் சொல்வதுதான் முறை. அந்த வெண்மைக்குப் பின்னால் கரும்புத் தோட்டத்தில் சாட்டையடி பட்ட கறுப்பு மக்களின் முதுகு இருக்கிறது. இதைப் பற்றிக் கரேம் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1814இல் நெப்போலியன் வீழ்ந்தார். பாரிசுக்கு வந்த ரஷ்யச் சக்கரவர்த்தி அலெக்சாந்தர் தாலெய்ரான் வீட்டில் தங்கினார். கரேமின் சமையலைச் சுவைத்தார். மறு ஆண்டு, 1815இல், கரேம் இரண்டு புத்தகங்களை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று முழுக்கச் சர்க்கரைக் கட்டடங்களைப் பற்றியது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். எல்லாம் அவர் வரைந்தவை. விஞ்ஞோலாவின் தூண் இலக்கணத்தையும் சேர்த்தே அதில் அச்சிட்டார். தன்னைப்போல் நூலகம் போகக் கொடுத்து வைக்காத சமையற்காரப் பையனும் அளவு தவறாமல் தூண் நிறுத்தட்டும் என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விருந்து முடிந்தால் மாளிகை இடிந்துவிடும். காகிதத்தில் ஏறியது நிற்கும்.

1816இல் இங்கிலாந்தின் இளவரசர், பிற்காலத்து நான்காம் ஜார்ஜ், அவரைத் தம் அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார். பிரைட்டன் நகரில் இந்திய மாதிரிக் குவிமாடங்களோடு ஓர் அரண்மனை உருவாகிக்கொண்டிருந்த சமயம். அங்கே 1817 ஜனவரியில் ரஷ்ய இளவரசர் நிக்கோலாசுக்கு அளித்த விருந்தில் நூற்றுக்கு மேற்பட்ட பண்டங்கள் வைக்கப்பட்டன. சம்பளம் தாராளம், இருந்தும் கரேமுக்கு அங்கே மனம் ஒட்டவில்லை. மூடுபனியும் தனிமையும் அவரை வாட்டின. திரும்பிவிட்டார். 1819இல் ரஷ்யத் தலைநகருக்குப் போனார், அங்கும் நிலைக்கவில்லை. ஆனால் 1821இல் அந்த நகரத்தை அழகுபடுத்தக் கட்டடத் திட்டங்கள் வரைந்து புத்தகமாக்கிச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக்கினார். சர்க்கரையில் கட்டியவருக்குக் கல்லில் கட்ட ஆசை! ஒன்றும் கட்டப்படவில்லை.

கடைசியாக அவர் வேலை பார்த்தது பாரிசில் செல்வர் ஜேம்ஸ் ரோத்சில்டு வீட்டில். அதற்குள் உடல் கெட்டுவிட்டது. அக்காலத்துப் பெரிய வீட்டு அடுக்களைகள் பெரும்பாலும் நிலவறைகளில் இருந்தன. மரக்கரி அடுப்புகள் ஒரு டசன் எரியும். பரிமாறும் நேரத்தில் தட்டு ஆறிவிடக் கூடாது என்று சன்னல்களையும் அடைத்துவிடுவார்கள். அந்த நஞ்சுப் புகையைப் பற்றிக் கரேமே எழுதியிருக்கிறார். பத்து வயதிலிருந்து அவர் சுவாசித்தது அது. 1833 ஜனவரி 12ஆம் நாள், ஐம்பது நிறையும் முன்பே இறந்தார்.

படுக்கையில் கிடந்தபோதும் பிரெஞ்சுச் சமையற்கலையைப் பற்றிய பெரு நூல் ஒன்றில்தான் அவர் மனம் இருந்தது. மகள் பக்கத்திலிருந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினாள் என்பர். மூன்று பாகங்கள் அவருடையவை. மிச்சமிருந்த இரண்டைப் புளூம்ரே என்ற சமையற்கலைஞர் எழுதி முடித்தார்.

கரேமின் உடல் மோன்மார்த்திர் இடுகாட்டில் இருக்கிறது. அவர் படம் வரைந்து பழகிய நூலகக் கட்டடத்தை நெடுங்காலம் பழுதுபார்த்து 2022இல் மறுபடியும் திறந்தார்கள். செதுக்கோவியப் பிரிவு இன்றும் ரிஷெலியூத் தெருவில் அதே இடத்தில்தான் இருக்கிறது.