பெத்தவர் ஒருத்தர், வளர்த்தவர் ஒருத்தர்! ‘கார்வெட்’ காரை சாகவிடாமல் காப்பாற்றிய சோரா ஆர்கஸ்-டன்டோவ் யார்?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போயிருக்கீங்களா? பொம்மை செய்யும் பட்டறையில் முக்கியமான பொருள் பொம்மை இல்லை, அச்சு! பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி, ஈரம் இழுத்ததும் பிரித்து எடுப்பார்கள். பிள்ளையாரின் தும்பிக்கையை லேசாக மாற்றணும்னா புது அச்சு ஒன்று போட்டால் போதும். பெரிய செலவு கிடையாது.

கிட்டத்தட்ட இதே கணக்கில்தான் 1953-ல் அமெரிக்காவில் ஒரு கார் பிறந்தது. பெயர், செவர்லே கார்வெட். அதன் உடம்பு இரும்புத் தகடு இல்லை, ஃபைபர் கிளாஸ். நம்ம கடலூர் கடற்கரையில் நிற்கிற ஃபைபர் படகு மாதிரி, அச்சில் கண்ணாடி இழையைப் பரப்பி, பிசின் பூசி எடுத்த உடம்பு. இரும்புத் தகடு என்றால் அதை அழுத்தி வடிவம் கொடுக்கவே ராட்சத அச்சுகள் வேணும். அதற்குப் பணமும் அதிகம், காலமும் அதிகம்.

அச்சு மாற்றுவது சுலபம் என்பதால் அந்தக் காரின் முகமும் அவ்வப்போது மாறியது. ஆனால் உள்ளே நடந்த மாற்றங்களுக்குப் பின்னால் ஒரு பிடிவாதக்காரர் இருந்தார். அவர் பெயர் சோரா ஆர்கஸ்-டன்டோவ். உலகம் அவரை ‘கார்வெட்டின் தந்தை’ என்கிறது. இத்தனைக்கும் அந்தக் காரை உருவாக்கியவர் அவர் இல்லை! அப்புறம் எப்படி அந்தப் பெயர் வந்தது? வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

இரண்டு அப்பாக்களின் பெயர்

1909 டிசம்பர் 25-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு ரஷ்ய யூதக் குடும்பத்தில் பிறந்தவர் சோரா. அப்பா சுரங்கப் பொறியாளர், அம்மா மருத்துவ மாணவி. குடும்பம் ரஷ்யா திரும்பியது. அங்கே புரட்சி, பஞ்சம் எல்லாம் பார்த்து வளர்ந்த பையன், 1927-ல் குடும்பத்தோடு பெர்லின் வந்து சேர்ந்தார்.

இதற்கிடையில் அம்மாவும் அப்பாவும் பிரிந்தார்கள். அம்மாவின் வாழ்க்கையில் டன்டோவ் என்பவர் வந்தார். ஆனாலும் அப்பா ஆர்கஸ் வீட்டை விட்டுப் போகவில்லை, எல்லோரும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். சோராவும் தம்பி யூராவும் இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து ஆர்கஸ்-டன்டோவ் என்று வைத்துக்கொண்டார்கள். பெற்றவர், வளர்த்தவர் இருவருக்கும் மரியாதை. பின்னாளில் ஒரு கார் விஷயத்திலும் இதே கதைதான் நடக்கப்போகிறது.

பெர்லினில் பொறியியல் படித்து 1934-ல் பட்டம் வாங்கினார். 1939-ல் பாரிஸில் எல்ஃபி என்ற நடனக் கலைஞரைத் திருமணம் செய்தார். அடுத்து வந்தது இரண்டாம் உலகப் போர். அண்ணன் தம்பி இருவரும் பிரெஞ்சு விமானப் படையில் சேர்ந்தார்கள். 1940-ல் பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்தது. யூதர்களுக்கு இனி அங்கே இடமில்லை. பாரிஸில் இருந்த எல்ஃபி, நாஜிப் படை நெருங்கும் நேரத்தில் ஒரு சின்ன எம்.ஜி. காரை எடுத்துக்கொண்டு தெற்கே போர்டோ நகருக்குத் தப்பினார். குடும்பம் மறுபடி ஒன்று சேர்ந்து, போர்ச்சுகலில் கப்பலேறி நியூயார்க் போய்ச் சேர்ந்தது.

நியூயார்க்கில் அண்ணனும் தம்பியும் ‘ஆர்டன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஃபோர்டு வி-8 இன்ஜினின் வேகத்தைக் கூட்ட அவர்கள் செய்த அலுமினிய சிலிண்டர் ஹெட், பந்தயப் பிரியர்களிடம் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் நிறுவனம் நிலைக்கவில்லை. சோரா இங்கிலாந்து போய் ஆலர்டு ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனத்தில் வேலை பார்த்தார், லீ மான் 24 மணி நேரப் பந்தயத்திலும் ஓட்டினார்.

ஒரு கண்காட்சி, ஒரு கடிதம்

1953 ஜனவரி. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கண்காட்சியில் கார்வெட் முதன்முதலில் மக்கள் முன் நின்றது. அதைப் பெற்றவர் என்றால் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி எர்ல்தான். கூட்டத்தில் நின்று பார்த்த சோராவுக்கு காரின் அழகு பிடித்துப்போனது. ஆனால் அந்த உடம்புக்குள் இருந்த இன்ஜின் பொருத்தமில்லை என்று பொறியாளர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

செவர்லேயின் தலைமைப் பொறியாளர் எட் கோலுக்குக் கடிதம் எழுதினார். ஒரு காரின் உச்ச வேகத்தைக் கணக்கிடும் முறை பற்றிய தன் கட்டுரையையும் கூடவே வைத்தார். வேலை கிடைத்தது. 1953 மே 1-ல் சேர்ந்தபோது அவருக்கு வயது 43. சேர்ந்த அடுத்த மாதமே லீ மானில் ஆலர்டு காரை ஓட்டக் கிளம்பிப் போனார். புது வேலையில் யாராவது இப்படிச் செய்வாங்களா? சோரா செய்தார்!

கார் சாகக் கிடந்த வருஷம்

1953-ல் வந்தது வெறும் 300 கார்கள். எல்லாமே வெள்ளை, உள்ளே சிவப்பு சீட். ஆறு சிலிண்டர் இன்ஜின், 150 குதிரைத்திறன், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. மழை வந்தால் பக்கத்தில் தடுப்பைச் செருகணும்.

1954-ல் 3,640 கார்கள் செய்தார்கள். நீலம், சிவப்பு, கறுப்பு நிறங்களும் வந்தன. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்காமல் நின்றன. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிவிட்டு ஓட்டத்தில் ஒன்றுமில்லை என்ற ஏமாற்றம். 1955-ல் உற்பத்தி வெறும் 700. அதே வருஷம் போட்டியாக வந்த ஃபோர்டு தண்டர்பேர்டு 16,000-க்கும் மேல் விற்றது. காரை இழுத்து மூடிடலாமா என்ற பேச்சு கம்பெனிக்குள் ஓடியது.

இங்கேதான் சோரா நுழைகிறார். 1953 டிசம்பரிலேயே மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: வேகத்தை விரும்பும் இளைஞர்கள் ஃபோர்டு பக்கம் போகிறார்கள், அவர்களை இழுக்க செவர்லே தன் சொந்த வேகப் பாகங்களைத் தயாரித்துக் கொடுக்கணும் என்பது அதன் சாரம். 1954 அக்டோபரில் இன்னொரு குறிப்பு. ஃபோர்டு களத்தில் இறங்கும் நேரத்தில் கார்வெட்டை நிறுத்தினால் தோல்வியை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிடும் என்று வாதாடினார்.

கார் தப்பியது. அதற்கு சோரா மட்டுமே காரணம் இல்லை. எட் கோல் கொண்டுவந்த புது வி-8 இன்ஜினும், ஃபோர்டின் போட்டியும் காரணம். ஆனால் தப்பிய காரை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கியது சோராவின் கை.

எந்த வருஷம் என்ன மாறியது?

நம்ம ஊரில் அம்பாசடரை மார்க் 2, மார்க் 3 என்று முன்பக்க கிரில்லைப் பார்த்தே சொல்லும் ஆட்கள் உண்டு. அம்பாசடர் பல வருஷத்துக்கு ஒருமுறைதான் முகம் மாறியது. அமெரிக்காவில் அது ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு. அங்கே ‘1963 மாடல்’ என்றால் அது 1962 இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1955: வி-8 இன்ஜின், 195 குதிரைத்திறன். பக்கவாட்டில் செவர்லே என்ற பெயரில் ‘வி’ எழுத்து மட்டும் பெரிசாக, தங்க நிறத்தில் இருக்கும். அதுதான் அடையாளம்.

1956: புது உடம்பு. ஏற்றி இறக்கும் கண்ணாடி, வெளிக் கைப்பிடி, கதவோரம் குழிவான வளைவு. இன்ஜின் வால்வுகளை அதிக உயரம் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்டை சோரா வடிவமைத்தார். அதைப் பொருத்தி டேடோனா கடற்கரை மணலில் அவரே ஓட்டி மணிக்கு 150 மைலுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 242 கிலோமீட்டர் வேகம் தொட்டார்.

1957: வெளியே பார்த்தால் 1956 மாதிரியேதான் இருக்கும். ஆனால் உள்ளே 4.6 லிட்டர் இன்ஜின். கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளை அளந்து செலுத்தும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் முறையும் கிடைத்தது. ஜான் டோல்ஸா என்ற பொறியாளரோடு சேர்ந்து சோரா உழைத்தது இதற்காகத்தான். 283 கன அங்குல இன்ஜினில் இருந்து 283 குதிரைத்திறன். நான்கு கியரும் இந்த மாடலில்தான் வந்தது.

1958: முன்னால் இரண்டு விளக்குக்குப் பதில் நான்கு. பானட்டில் அலங்காரத்துக்கு மட்டும் பொய்க் காற்றுத் துளைகள். 1959-ல் அவற்றை எடுத்துவிட்டார்கள்.

1961: பின்பக்கம் புது வடிவம், நான்கு வட்ட விளக்குகள். இன்றுவரை கார்வெட்டைப் பின்னால் இருந்து அடையாளம் சொல்ல வைக்கும் நான்கு விளக்கு இங்கேதான் ஆரம்பம்.

1963: ஸ்டிங் ரே! மூடிக்கொள்ளும் முன்விளக்குகள், முதல் முறையாகக் கூரை வைத்த மாடல். முக்கியமான மாற்றம் கீழே இருந்தது. அதுவரை பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகி இருந்தன. ஒன்று பள்ளத்தில் இறங்கினால் இன்னொன்றும் ஆடும். இரண்டும் தனித்தனியாக அசையும் அமைப்பை சோரா கொண்டுவந்தார். 21,513 கார்கள் உற்பத்தி.

1965: நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். டிரம் பிரேக் திரும்பத் திரும்ப அழுத்தினால் சூடாகிப் பிடிப்பு குறையும். வேகம் கொடுத்தவர் நிறுத்தவும் வழி செய்தார். அதே வருஷம் 425 குதிரைத்திறன் கொண்ட பெரிய இன்ஜினும் வந்தது.

ஒரு கண்ணாடிக்காக ஒரு சண்டை

1963 கூரை மாடலின் பின்கண்ணாடி நடுவில் ஒரு பட்டை ஓடும், கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஹார்லி எர்லுக்கு அடுத்து வடிவமைப்புத் தலைவரான பில் மிட்சலின் ஆசை அது. முன்னால் இருந்து பின்னால் வரை ஒரே கோடு ஓடணும் என்பது அவர் கணக்கு. ஓட்டுபவருக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாதே என்று சோரா கடுமையாக எதிர்த்தார். ஜெயித்தது மிட்சல். ஆனால் ஒரு வருஷம்தான். 1964 மாடலில் பட்டை போய் ஒரே கண்ணாடி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அப்போது சில உரிமையாளர்கள் தங்கள் 1963 காரின் பட்டையை எடுத்துவிட்டு ஒரே கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். இன்று பழைய கார் சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்தப் பட்டை வைத்த 1963 காரைத்தான். சோரா சொன்னது சரி, ஆனாலும் ஆசையை வளர்த்தது மிட்சலின் தப்புதான்!

எல்லாச் சண்டையிலும் சோரா ஜெயிக்கவில்லை. பந்தயத்துக்காக ‘கிராண்ட் ஸ்போர்ட்’ என்ற எடை குறைந்த கார்வெட்டை 125 எண்ணிக்கையில் செய்யத் திட்டமிட்டார். பந்தயத்தில் கம்பெனி இறங்கக் கூடாது என்று மேலிடம் தடுத்தது. ஐந்தோடு நின்றது.

கைகூடாத கனவு

அவருடைய பெரிய கனவு வேறு. இன்ஜினை முன்னால் வைக்காமல், ஓட்டுபவருக்குப் பின்னால், காரின் நடுவில் வைக்கணும். எடை சமமாகப் பரவும், திருப்பத்தில் கார் சொன்ன பேச்சு கேட்கும். 1960 முதல் இதற்காக சோதனைக் கார்கள் செய்து காட்டினார். முன்னால் இன்ஜின் இருக்கும்போதே கார் நன்றாக விற்கிறதே, எதற்கு இவ்வளவு செலவு என்பதுதான் ஒவ்வொரு முறையும் கம்பெனியின் கணக்காக இருந்தது.

அதற்குள் காலமும் மாறியது. மோதலைத் தாங்கும் விதிகளால் 1973-ல் முன் பம்பரும், 1974-ல் பின் பம்பரும் மெத்தென்ற உறைக்கு மாறின. புகைக் கட்டுப்பாட்டால் 1975-ல் அடிப்படை இன்ஜின் 165 குதிரைத்திறனுக்கு இறங்கியது. 1972 முதல் திறனை அளக்கும் முறையே மாறியதால் பழைய எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது என்றாலும், வேகம் குறைந்தது உண்மை. 1975 ஜனவரி 1-ல், 65 வயதில் சோரா ஓய்வு பெற்றார்.

1996 ஏப்ரல் 21-ல் தன் 86-வது வயதில் காலமானார். அவரது அஸ்தி, கென்டக்கி மாநிலம் பவுலிங் கிரீனில் உள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதே ஊரில்தான் கார்வெட் தொழிற்சாலையும் இருக்கிறது.

2019 ஜூலையில் புது கார்வெட் திரை விலகியது. பானட்டுக்குள் இன்ஜின் இல்லை, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சோரா கேட்டது, அவர் போய் 23 வருஷம் கழித்துக் கிடைத்தது.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்த ஒருவர், வேறொருவர் பெற்ற பிள்ளையை எடுத்து வளர்த்தார். முகத்தை மாற்ற ஒரு அச்சு போதும். ஆனால் காரின் குணத்தை மாற்ற அவருக்கு 20 வருஷத்துக்கும் மேல் ஆனது. இனி எங்காவது ஒரு பழைய கார்வெட் படம் கண்ணில் பட்டால் முன்விளக்கு எத்தனை, பின்கண்ணாடியில் பட்டை இருக்கா என்று பாருங்கள். அது எந்த வருஷத்துக் கார் என்று நீங்களே கிட்டத்தட்ட சொல்லிடலாம்!