சிந்தாமணியும் சாமிநாதையரும்

கும்பகோணம் கல்லூரியில் 1880-ஆம் ஆண்டு தமிழாசிரியராக அமர்ந்தபோது உ. வே. சாமிநாதையருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற பெருமை, நிலையான ஊதியம், காவிரிக்கரை வாழ்வு. குறையென்று சொல்ல ஏதுமில்லை. அவ்வாண்டே, அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கேட்டறிந்தார். அவற்றைப் பெரிதாக மதியாமல், சீவகசிந்தாமணி படித்ததுண்டா என வினவினார். படித்ததில்லை. அந்த வயதில் அவ்வினா சுடாமல் இராது.

முதலியார் தந்த பிரதியைப் படிக்கத் தொடங்கினார். தமிழ் புரிந்தது, சமணக் கோட்பாடுகள் பிடிபடவில்லை. சைவ மடத்தின் அரவணைப்பில் வளர்ந்த அவர், தயங்காது கும்பகோணத்துச் சமணர் இல்லத்தை நாடினார். அவர் சென்ற நாளில் அங்கே சிந்தாமணி வாசிப்பு நிறைவெய்தியதைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்! ஏட்டில் உறங்குவதாக எண்ணிய காப்பியம் ஓர் இல்லத்தில் வழிபாடாக வாழ்ந்தது. சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயங்களை அன்போடு தீர்த்து வைத்தனர்.

இழந்த நாட்டை மீட்டு, எண்மரை மணந்து, எல்லா இன்பமும் எய்திய சீவகன், மந்தியிடமிருந்த பலாச்சுளையைக் காவலன் பறிக்கக் கண்டான். குரங்கில் கட்டியங்காரனையும், காவலனில் தன்னையும் கண்டு துறவு பூண்டான். இந்நூலில்தான் சாமிநாதையர் ஏழாண்டுகள் தோய்ந்திருந்தார்.

1887-இல் பதிப்பு வெளிவந்தது. புகழ் வந்தது, கண்டனங்களும் வந்தன. சைவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்ற முணுமுணுப்பு முன்னரே இருந்தது. இப்போது பிழை காட்டும் துண்டுப் பிரசுரங்கள் சேர்ந்துகொண்டன. அவர் துறவியல்லர், மனம் கொதித்து மறுப்பு எழுதி, அதனைக் கல்லூரிப் பேராசிரியர் சாது சேஷையரிடம் காட்டினார். சேஷையர் அதை வாங்கிக் கிழித்தெறிந்தார்; பதில் எழுதத் தொடங்கினால் ஆயுள் அதிலேயே கழியும், செய்ய வேண்டிய பணி நின்றுபோகும் என்று உணர்த்தினார்.

எழுதிய கைக்கு அது எளிதன்று. எனினும் சாமிநாதையர் அவ்வழக்கைத் தொடரவில்லை. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என ஏடுகள் அச்சேறின. சிந்தாமணியின் திருத்தங்கள் 1907-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இடம்பெற்றன.