ஏவி. மெய்யப்பச் செட்டியார்: இசைத்தட்டும் வெள்ளித்திரையும்

காரைக்குடியில் 1907 ஜூலை 28ஆம் நாள் பிறந்த ஏவி. மெய்யப்பச் செட்டியாரைப் பட அதிபர் என்றே நாடறியும். ஆனால் அவர் இளமையில் விற்ற பண்டம் மனிதக் குரல். தந்தையார் ஆவிச்சி செட்டியாரின் கடையில் இசைத்தட்டுகளும் விற்பனையாயின. பர்மாவும் மலேயாவும் சென்று வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் மரபில் இது சற்றே புதிய சரக்குத்தான். பின்னர் சென்னைக்கு வந்து, நண்பர்களின் கூட்டுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டார்.

பாடுபவரின் உருவம் எதிரில் இல்லாமலே அவர் குரல் மட்டும் வீடுதோறும் செல்லும் விந்தையை நாள்தோறும் கண்டவர் அவர். திரையுலகில் அவர் செய்த புதுமைகள் பலவும் அந்தக் கடையிலேயே வேர்கொண்டவை எனலாம்.

தொடக்கம் தோல்வியே. 1935இல் வெளிவந்த அல்லி அர்ஜுனாவும் ரத்னாவளியும் கைப்பொருளைக் கரைத்தன. 1938இல் நந்தகுமார். நடிப்பவரே பாடியாக வேண்டும் என்றிருந்த காலத்தில், அப்படத்தில் தேவகியாக நடித்தவருக்கு லலிதா வெங்கட்ராமனின் குரலைப் பொருத்தினார். தமிழ்த்திரையில் பின்னணிப் பாடல் அவ்வாறு பிறந்தது. கன்னட ஹரிச்சந்திராவுக்குத் தமிழ்க்குரல் கொடுத்து 1944இல் வெளியிட்டார். மறு ஆண்டு வெளிவந்த ஸ்ரீவள்ளியில் செய்ததோ துணிச்சலின் உச்சம். படம் திரையிடப்பட்ட பின்னரும் நாயகி ருக்மிணியின் பாட்டு அவருக்கு நிறைவளிக்கவில்லை. பெரியநாயகியைப் பாடவைத்து, வாயசைவுக்கு இசையப் பொருத்தி, பழைய ஒலியை நீக்கினார். ருக்மிணியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணாதிருக்க இயலவில்லை. வணிகரின் செவி இரக்கமற்றது.

போர்க்காலத்தில் சென்னையில் புதிய படநிலையத்துக்கு மின்சாரம் கிட்டுவது அரிதாகவே, காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவுக்குச் சென்று கொட்டகைகள் அமைத்தார். 1947 ஜனவரியில் வெளிவந்த நாம் இருவர் அங்கே உருவானது. பாரதியின் பாடல்களை டி.கே. பட்டம்மாள் பாட, சிறுமி கமலா ஆடினார். நாடு விடுதலை பெற ஏழு திங்கள் இருக்கையிலேயே, பெற்றுவிட்டதாகவே கொட்டகைகளில் மக்கள் களித்தனர்.

அப்பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை அப்போது மெய்யப்பருடைய உடைமை. சூரஜ்மல் நிறுவனத்து ஜெய்சிங்லால் மேத்தாவிடமிருந்து விலைகொடுத்து வாங்கியது அது. 1921இல் வறுமையில் மறைந்த கவிஞரின் பாட்டு, நகை வணிகரிடமிருந்து பட வணிகருக்குக் கைம்மாறியிருந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் பில்ஹணன் படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது, மெய்யப்பர் தம் உரிமையை வலியுறுத்தினார். சட்டம் அவர் பக்கம். தமிழறிந்தோர் நெஞ்சம் அப்பக்கம் இல்லை. வ.ரா. தலைமையில் பாரதி விடுதலைக் கழகம் எழுந்தது. பாரதியை நாட்டுடைமையாக்குக என்னும் குரல் ஓங்கியது. 1949இல் சென்னை அரசு அவ்வுரிமையைக் கேட்டபோது, மெய்யப்பர் ஒரு காசும் பெறாமல் ஒப்படைத்தார்.

கிளர்ச்சியின் நெருக்குதலால் கொடுத்தார் என்பாரும் உளர். கொடைமனத்தால் கொடுத்தார் என்பாரும் உளர். இரண்டும் கலந்தே இருந்திருக்கும். எனினும் விலைகேட்கச் சட்டம் இடமளித்த பொருளுக்கு விலைகேளாமல் விட்டது, கணக்கெழுதிப் பழகிய கைக்கு எளிதன்று. ஒரு கவிஞரின் எழுத்தை அரசே ஏற்று மக்களுக்குப் பொதுவாக்கும் தமிழக வழக்கத்துக்கு அதுவே கால்கோள்.

பிறகு வடபழனியில் படநிலையம் வளர்ந்தது. வாழ்க்கை, பராசக்தி, களத்தூர் கண்ணம்மா என்று அதன் புகழ் அனைவரும் அறிந்ததே. முதுமையில் எனது வாழ்க்கை அனுபவங்கள் என்னும் நூலில் தம் கதையை மெய்யப்பர் எழுதினார். தொடக்ககாலத் தோல்விகளையும் அதில் மறைக்கவில்லை. 1979 ஆகஸ்ட் 12ஆம் நாள் மறைந்தார்.