குழலிசை மன்னர் ஜோ ஆலிவர்

தம்மினும் தம் மாணாக்கர் மேம்படுதல் கண்டு மகிழ்வோரே மெய்யாசிரியர் என்பது நம் நாட்டாரின் நெடுங்காலக் கொள்கை. ஆயினும் வித்தையே பிழைப்பாக உள்ளவனுக்கு இஃது எளிய காரியமன்று. மாணாக்கன் உயர உயர ஆசானின் வருவாய்க்கும் பெயருக்கும் குறைவு நேரக்கூடும். அவ்வச்சம் உள்ளத்தில் இருந்தும் கற்பித்ததில் குறைவைக்காத ஒருவரின் சரித்திரத்தை இம்முறை நம் வாசகர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பரினத்தவர். ஜாஸ் என்னும் இசைக்கு முதல் தலைமுறையில் நின்று உருக்கொடுத்தவர்களுள் ஒருவர். ஜோ ஆலிவர் என்னும் பெயரினர்.

ஆலிவர் 1880-க்குப் பிற்பட்ட சில ஆண்டுகளுள் லூயிசியானா மாகாணத்தில் பிறந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்ந்தார். அமெரிக்காவில் அடிமைமுறை 1865-இல் ஒழிந்த பின்னும் கறுப்பின மக்கள் வறுமையினின்றும் இழிவினின்றும் நீங்கினாரல்லர். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் தமக்குள் பரஸ்பர சகாய சங்கங்கள் பல அமைத்துக்கொண்டனர். அங்கத்தினர் சந்தாப் பணம் செலுத்துவர். நோயுற்றால் சங்கம் உதவும். இறந்தால் பித்தளை வாத்தியக் குழுவை அமர்த்தி இடுகாடு வரை மரியாதையுடன் கொண்டு செல்லும். இச்சங்கங்களின் ஊர்வலங்களும் சாவுச் சடங்குகளும் வாத்தியக்காரர் பலருக்குப் பிழைப்பும் பயிற்சியும் தந்தன. ஆலிவர் வாசித்த ஆன்வர்டு என்னும் புகழ்பெற்ற குழுவும் இத்தகையதே.

அவர் கைக்கொண்ட வாத்தியம் கார்னெட் ஆகும். இஃது ஊது குழல்களில் ஒன்று, டிரம்பெட்டினும் குறுகியது, மூன்று விசைகளை விரலால் அழுத்தி ஊதப்படுவது. ஒரு கண்ணில் பார்வை இழந்தவராயினும் ஆலிவர் இவ்வாத்தியத்தில் வல்லவரானார். குழலின் வாயில் கோப்பை முதலியவற்றை வைத்தும் எடுத்தும் நாதத்தை அடக்கியும் விடுத்தும், குழந்தை அழுவது போலவும் மனிதர் பேசுவது போலவும் ஒலிக்கச் செய்வது அவருடைய தனித்திறம். கிட் ஓரி என்பாரின் குழுவில் வாசித்த காலத்தே அவர் மன்னர் எனப் பெயர் பெற்றார். அரசாங்கம் அளித்த பட்டமன்று அது. கேட்ட ஜனங்கள் ஒப்புக்கொண்ட பட்டம்.

அக்காலத்தில் லூயி ஆம்ஸ்டிராங் என்னும் ஏழைச் சிறுவன் அவரை அண்டினான். அவன் 1901-இல் பிறந்தவன்; தந்தையின் ஆதரவு அறியாதவன். ஆலிவரின் மனைவியாருக்குக் கடைகண்ணி வேலைகள் செய்து கொடுப்பான். அதற்கு ஈடாக ஆலிவர் பாடம் சொல்லிக்கொடுப்பார். பசித்த வேளையில் அவ்வீட்டிலேயே உணவும் கிடைக்கும். தாம் வாசித்த பழைய கார்னெட் ஒன்றையும் அவனுக்கு அளித்தார். லூயி அவரைத் தந்தையெனவே அழைத்து வந்தான். நல்ல ஊதியம் நாடி ஆலிவர் வடதிசையிலுள்ள சிகாகோ நகருக்குப் பெயர்ந்தபோது, கிட் ஓரியின் குழுவில் அவர் இருந்த இடத்தில் அமர்ந்தவர் லூயியே.

நிற்க, சிகாகோவில் ஆலிவரின் கீர்த்தி ஓங்கியது. லிங்கன் கார்டன்ஸ் என்னும் நடனசாலையில் அவருடைய குழு இரவுதோறும் வாசித்தது. 1922-இல் அவர் தந்தியடித்து லூயியைத் தம் குழுவுக்கு வரவழைத்தார். ஒரு கார்னெட்டே போதுமென்றிருந்த குழுவில் இரண்டாவது கார்னெட் எதற்கு என்று பலர் வியந்திருக்கலாம். கேட்டபின் வியப்பு வேறாயிற்று. பிற வாத்தியங்கள் நின்றவுடன் இருவரும் முன்னேற்பாடின்றிச் சேர்ந்து வாசிப்பதைப் போல இசைந்து வாசிப்பர். ஆலிவர் தாம் அடுத்து வாசிக்கவிருப்பதைச் சிறிது முன்னரே குறிப்பாகக் காட்டுவார். லூயி அதனை உடனே பற்றிக்கொண்டு அதற்கிசைந்த சுரங்களைத் தொடுப்பார். பல்லாண்டு அருகிருந்து பழகிய ஆசானுக்கும் மாணாக்கனுக்குமன்றி இக்காரியம் கைகூடாது. வெள்ளையரான இளம் வாத்தியக்காரரும் இதனைக் கேட்கவே அச்சாலைக்கு வந்து நின்றனர்.

1923 ஏப்ரல் மாதம் இண்டியானா மாகாணத்து ரிச்மண்டு நகரில் ஜெனெட் கம்பெனியார் இக்குழுவின் இசையைத் தட்டுகளில் பதிவு செய்தனர். கிளாரினெட்டில் ஜானி டாட்ஸ், அவர் தம்பி பேபி டாட்ஸ் தாளவாத்தியத்தில், டிராம்போனில் ஆனரே டூட்ரே, பியானோவில் லில் ஹார்டின் என்னும் பெண்மணி ஆகியோர் உடன் வாசித்தனர். மின்சார ஒலிவாங்கி அன்று வழக்கில் வரவில்லை. பெரிய கூம்பு ஒன்றின் முன் யாவரும் நின்று வாசிக்க வேண்டும். அருகிலே இரயில் பாதை. வண்டி போகும்போதெல்லாம் வேலை நிற்கும். லூயியின் நாதம் பிறர் ஒலியை மூழ்கடித்ததால் அவரைப் பல அடி பின்னே நிறுத்தினர் என்று லில் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். டிப்பர்மவுத் புளூஸ் என்னும் தட்டில் ஆலிவர் தனித்து வாசித்த பகுதியை அக்காலத்துக் குழலிசைஞர் பலர் பாடமாகக் கற்றனர். சைம்ஸ் புளூஸ் என்னும் தட்டில் லூயியின் முதல் தனி வாசிப்பு உளது.

ஆசானின் மனத்துள் நிகழ்ந்ததையும் மறைத்தலாகாது. லூயி தம்மினும் வல்லவன் என்பதை ஆலிவரே ஒப்புக்கொண்டாரென்றும், தம்மிடம் இருக்கும்வரை அவன் தம்மை முந்தான் என்று கருதினாரென்றும் லில் கூறியுள்ளார். இது மானிட இயல்பு. 1924-இல் லில் லூயியை மணந்தார். இரண்டாவது இடத்திலே நில்லாது முதலிடம் தேடுமாறு கணவரைத் தூண்டினார். லூயி விலகி நியூயார்க் சென்றார். ஊதிய விஷயமாக எழுந்த மனத்தாங்கலால் டாட்ஸ் சகோதரரும் முன்னரே பிரிந்திருந்தனர். எனினும் 1925-இல் நியூயார்க்கில் பிளெட்சர் ஹெண்டர்சன் குழுவினர் டிப்பர்மவுத் புளூஸை வேறு பெயரில் பதிவு செய்தபோது, லூயி தம் ஆசானின் வாசிப்பையே தழுவி வாசித்தார்.

ஆலிவர் சோர்ந்தாரல்லர். 1924 முடிவில் ஜெல்லி ரோல் மார்ட்டனின் பியானோவுடன் தனித்திணைந்து பதிவு செய்தார். பின்னர் டிக்சி சிங்கொப்பேட்டர்ஸ் என்னும் பெரிய குழுவை நடத்தினார். 1927-இல் நியூயார்க் சென்றார். காட்டன் கிளப் என்னும் பெரிய சாலையில் வாசிக்கும் வாய்ப்பு வந்தும் ஊதியம் போதாதென மறுத்தார். அவ்விடம் டியூக் எல்லிங்டனுக்குக் கிடைத்து அவருக்குப் பெரும்புகழ் தந்தது. 1928-இல் ஆலிவர் இயற்றிய வெஸ்ட் எண்ட் புளூஸை அவர் பதிவு செய்த சில நாட்களுக்குள் லூயியும் பதிவு செய்தார். ஜாஸ் வரலாற்றில் நிலைபெற்றது லூயியின் தட்டே.

இதற்கிடையில் ஈறுநோய் ஆலிவரைப் பற்றியது. ஊதுகுழல் வாசிப்போனுக்குப் பல்லே மூலதனமன்றோ! பொருளாதார மந்தத்தில் சேமிப்பும் அழிந்தது. சிறு குழுவொன்றுடன் தென் மாகாணங்களில் அலைந்து, இறுதியில் ஜார்ஜியா மாகாணத்துச் சவன்னா நகரில் தங்கினார். அங்கே காய்கனி விற்றும், விளையாட்டுக்கூடம் ஒன்றைப் பெருக்கியும் நாட்கழித்தார். இரத்த அழுத்தத்திற்கு வைத்தியம் செய்துகொள்ள வகையில்லை. நியூயார்க் திரும்பும் பயணத்திற்கென உண்டியலில் ஒரு டாலர் அறுபது சென்ட் சேர்த்திருப்பதாகச் சகோதரிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதங்களில் பிறரை நிந்திக்கும் சொல் காண்பதரிது.

1937-இல் அவ்வூருக்கு வாசிக்க வந்த லூயி, காய்கனி விற்குமிடத்தில் தம் ஆசானைக் கண்டு திகைத்தார். தம் கையிலிருந்த பணத்தை அளித்தார், உடனிருந்தோரும் அளித்தனர். அன்றிரவு ஆலிவர் நல்லுடை தரித்து, பழைய மிடுக்குடன் வந்து மாணாக்கனின் இசையைக் கேட்டு நின்றாராம். 1938 ஏப்ரலில் அவர் சவன்னாவில் உயிர் நீத்தார். சகோதரி தம் வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணத்தைச் செலவிட்டு உடலை வருவித்து நியூயார்க்கில் அடக்கம் செய்வித்தார். எத்தனையோ சங்கத்தாரின் சாவு ஊர்வலத்தில் குழலூதியவருக்கு நேர்ந்த முடிவு இது.

லூயி 1971-இல் இறக்குமளவும் தம் பெருமைக்கு மூலம் ஆலிவரே என்று சொல்லி வந்தார். நாம் இதனின்று அறிவது யாது? வித்தையை மறைத்து வைத்திருப்பின் ஆலிவருக்குப் பொருள் மிஞ்சியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. நோயும் காலமும் அதனை எவ்வாறும் கவர்ந்திருக்கும். கொடுத்த வித்தையோ அவருக்குப் பின்னும் நின்றது. ஆகவே தொழில் அறிந்த பெரியோர் இளைஞருக்கு ஒளியாது கற்பிப்பாராக. இளைஞரும், தளர்ந்த ஆசானைத் தற்செயலாகக் கண்டு கைப்பொருள் கொடுப்பதோடு அமையாது, அவர் தளருமுன்னரே தேடிச் சென்று விசாரிப்பாராக. சந்தா சேர்த்து ஒருவருக்கொருவர் உதவும் சங்கங்களின் பயனும் இதுவே அன்றோ!