விதியைத் தளர்த்திய குறிப்பேடு

ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தை துணிக்கடையில் கணக்கர். வருவாய் மிகச் சிறிது. தொடக்கக் கல்வித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலிடம் பெற்ற அச்சிறுவன், 1904 இல் கணிதப் பரிசுடன் பள்ளிப் படிப்பை முடித்து, உதவித்தொகை பெற்று அரசுக் கல்லூரியில் சேர்ந்தான். ஓராண்டிற்குள் உதவித்தொகை பறிபோயிற்று.

பள்ளிப் பருவத்தின் இறுதியில் கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்திருந்தது. அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அடுக்கப்பட்டிருந்தன. நிறுவல்களோ பெரும்பாலும் இல்லை. அவற்றைத் தாமே நிறுவத் தொடங்கியவர் பிற பாடங்களைத் திறந்தும் பாரார். ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தவறினார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதியபோதும் தோல்வியே கிட்டியது. 1907 இல் தனித்தேர்வராக எழுதினார். கணிதத்தில் தேறி, ஏனையவற்றில் தவறினார். தேர்வுமுறை அவரை வஞ்சித்தது எனக் கூறுவது எளிது. அது முழு உண்மையன்று. உடலியலும் வரலாறும் படிக்க வேண்டியவை என்பதை அவர் அறிந்தே இருந்தார். மனந்தான் அவற்றில் நிற்கவில்லை.

1909 இல் ஜானகியுடன் திருமணம் நிகழ்ந்தது. பட்டமில்லாதவர்க்குப் பணி எளிதில் கிட்டவில்லை. மறுஆண்டு, இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த துணை ஆட்சியர் வி. இராமசாமி ஐயரைத் திருக்கோவிலூரில் கண்டு, எழுத்தர் வேலை வேண்டினார். தம் தகுதிக்குச் சான்றாக அவரிடம் இருந்தவை கணிதக் குறிப்பேடுகள் மட்டுமே. அவற்றைப் புரட்டிய ஐயர் வேலை தரவில்லை. இத்தகைய அறிவைத் தாலுகா அலுவலகத்தில் புதைக்க அவர் மனம் இசையவில்லை. அறிமுகக் கடிதங்கள் தந்து சென்னைக்கு அனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் திங்கள்தோறும் பொருளுதவி செய்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் பணி அமைந்தது. தாளின் விலைக்கு அஞ்சிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிப்பது அவர் வழக்கம்.

1913 சனவரி 16 ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதியனுப்பினார். அவற்றுட் சில முன்பே அறியப்பட்டவை. பகா எண்கள் பற்றிய கூற்றொன்று பிழையானது. பிறவோ ஹார்டி அதுவரை கண்டிராதவை. நண்பர் லிட்டில்வுட்டுடன் ஆராய்ந்து, எழுதியவர் மாமேதை என அவர் உறுதிகொண்டார். அதே காலத்தில் சென்னைக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் குறிப்பேடுகளைக் கண்டார். அது தம் துறை அன்று என்பதை மறைக்காமலேயே, இவ்விளைஞர் சில ஆண்டுகள் கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபடப் பல்கலைக்கழகம் வழிசெய்ய வேண்டுமென எழுதினார்.

கணிதப் பாடக்குழுவும் பரிந்துரைத்தது. ஆனால், ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. எஃப்.ஏ. தேறாதவர்க்கு அதனை எவ்வாறு வழங்குவது? ஆட்சிக்குழுவில் இத்தடை எழுந்தபோது, பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டத்தின் முகவுரை சுட்டிக்காட்டப்பட்டது. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை எனில், ஆராய்ச்சி செய்ய வல்லவரை விதி தடுக்கலாமா என்னும் வினா விதியினும் வலிதாயிற்று. மாதம் 75 ரூபாயாக ஈராண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. மூன்று திங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வறிக்கைகளில் வரையறுத்த தொகையீடுகளைக் காணும் புதுமுறைகளை அவர் விளக்கினார்.

கடல் கடத்தல் கூடாது என்னும் குலவழக்கம் முதலில் பயணத்தைத் தடுத்தது. கேம்பிரிட்ஜிலிருந்து விரிவுரையாற்ற வந்த நெவிலின் முயற்சியாலும், பல்கலைக்கழகம் அளித்த ஆண்டுக்கு 250 பவுன் உதவியாலும் 1914 மார்ச் 17 அன்று கப்பலேறினார். அங்கும் நுழைவுத் தகுதி இல்லாமலேயே ஆராய்ச்சி மாணவராக ஏற்கப்பட்டார். உள்ளுணர்வால் கண்டவற்றை முறையாக நிறுவிக் காட்டும் ஒழுங்கை ஹார்டியிடம் பயின்றார். 12 என்னும் எண்ணுக்கு ஆறு வகுத்திகள் உண்டு. அதனினும் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை இல்லை. இத்தகைய எண்களைப் பற்றிய நீண்ட கட்டுரைக்காக 1916 மார்ச்சில் ஆராய்ச்சிவழி இளங்கலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்டம் அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் ஏற்படவில்லை. சில ஆண்டுகளில் அப்பட்டமே அப்பெயர் பெற்றது. 1918 இல் இராயல் கழகமும் டிரினிட்டி கல்லூரியும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தன.

அதற்குள் உடல் நலிந்திருந்தது. தாயகம் திரும்பியபின் ஆண்டுக்கு 250 பவுன் வழங்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது. 1919 சனவரியில் பதிவாளருக்கு நன்றி தெரிவித்து எழுதிய மடலில், அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்றார். பெற்றோர்க்குக் கொடுத்ததும் தம் செலவும் போக எஞ்சுவதை, ஏழைச் சிறுவர்க்கும் ஆதரவற்றோர்க்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டினார். அவ்வாண்டு மார்ச்சில் தாயகம் வந்தவர், படுக்கையிலும் கணக்கிட்டுக்கொண்டே இருந்து, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32.