சோறும் பாயும் கொடுத்துப் படிக்க வைத்த சாமியார்! சிதம்பரம் நந்தனார் பள்ளி கண்ட சகஜானந்தர்

தா.பழூர்ப் பக்கத்திலிருந்து சிதம்பரம் போக கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. வடகரையிலேயே கிழக்கே போனால் அணைக்கரை, காட்டுமன்னார்கோயில், அப்புறம் சிதம்பரம். நடராஜரைக் கும்பிட, ஆஸ்பத்திரிக்கு, பல்கலைக்கழகத்துக்கு என்று தினமும் ஆள் போகிற வழிதான். ஆனால் அங்கே ஓமக்குளத்தில் இருக்கும் நந்தனார் பள்ளியையும் விடுதியையும் எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நூறு வயதைத் தாண்டிய பள்ளி அது. அதை உண்டாக்கியவர் சுவாமி சகஜானந்தர். சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தவர்.

ஆரணி பக்கம் மேல்புதுப்பாக்கம் அவர் ஊர். 1890 ஜனவரி 27-ல் பிறந்தார். அப்பா அண்ணாமலை, அம்மா அலமேலு. பையனுக்கு வைத்த பெயர் முனுசாமி. ஆதிதிராவிடக் குடும்பம். திண்டிவனத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. பையன் கெட்டிக்காரன். ஆனால் மதம் மாறச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டான். அத்தோடு அந்தப் படிப்பு போச்சு. மிஷன் பள்ளிகள் இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் சேரிப் பிள்ளைகளில் பலருக்கு எழுத்தே தெரிந்திருக்காது என்பதும் உண்மை. இந்தப் பையனுக்கு மட்டும் அங்கே கணக்கு ஒத்துவரவில்லை.

தங்கவயலில் கூலி வேலை

குடும்பம் பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குப் போனது. முனுசாமியும் அங்கே வேலை பார்த்தார். ஆனால் மனசு பூராவும் சாமியார்கள் பக்கமே இருந்தது. கடைசியில் சென்னை வியாசர்பாடிக்கு வந்து கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகச் சேர்ந்தார். சகஜானந்தர் என்ற பெயர் அங்கே வந்தது. தமிழும் வடமொழியும் சாஸ்திரமும் அங்கே படித்தார். 1910-ல் குரு அவரைச் சிதம்பரத்துக்கு அனுப்பினார். அப்போது வயது இருபது.

ஏன் சிதம்பரம்? நந்தன் வந்து சேர்ந்த ஊர் அது. கொள்ளிடக் கரை ஆதனூரிலிருந்து, நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று ஏங்கியவருடைய கதை நம்ம பக்கத்தில் யாருக்குத் தெரியாது! கதாகாலட்சேபத்தில் அந்தக் கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் எத்தனையோ பேர். அதே ஆட்கள் வீட்டுக்குத் திரும்பியதும் சேரிக்காரரைத் தெருவில் விட்டார்களா என்றால், அது வேறே சங்கதி.

விடுதி எதற்கு?

1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தின் பெயரில் பள்ளி ஆரம்பமானது. பள்ளியோடு விடுதியும் சேர்ந்தே வந்தது. சாமியாரின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு இந்தப் பக்கம் திருச்சி ஜில்லா உடையார்பாளையம் தாலுகா. இங்கே ஒரு பண்ணையாளின் மகனைச் சிதம்பரத்தில் படிக்க அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். டவுனில் அவனுக்கு யார் வாடகைக்கு வீடு கொடுப்பார்கள்? கிளப்பில் உள்ளே உட்கார்ந்து சாப்பிட விடமாட்டார்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. ஊரிலோ அவன் மாடு மேய்த்துக் கொண்டுவரும் கூலி நின்றுபோகும். பள்ளிக்கூடத்தில் சம்பளமே வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டாலும் ராத்திரி அவன் தலை சாய்க்க இடம் இருக்காது. அதனால்தான் பலகை, சிலேட்டுக்கு முன்னாடியே அடுப்பும் பாயும் தேவைப்பட்டது.

விடுதி நடத்துவது லேசா? அரிசி, விறகு, விளக்கெண்ணெய், சோப்பு, காய்ச்சல் வந்தால் மருந்து. எண்ணிக்கை கூடக்கூட உலையும் பெரிசாகும். கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். வருமானம் இல்லாத ஒரு துறவி நன்கொடை கேட்டுக் கேட்டுத்தான் இதை வருஷக்கணக்கில் ஓட்டினார்.

அதே காலத்தில் சேரன்மாதேவி குருகுலத்தில் என்ன நடந்தது? தேசபக்தர்கள் பணம் கொடுத்து நடந்த இடம். அங்கே பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனிப்பந்தி போட்டதில் 1925-ல் தமிழ்நாடே ரெண்டுபட்டது. சேர்ந்து சாப்பிடுவது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது.

1927 செப்டம்பரில் காந்தி சிதம்பரம் வந்தார். நந்தன் பெயரால் நடந்த இந்தக் காரியம் அவர் கண்ணிலும் பட்டது. 1920-ல் அண்ணாமலைச் செட்டியார் ஆரம்பித்த மீனாட்சி கல்லூரி 1929-ல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நந்தனாரில் பள்ளிப் படிப்பை முடிக்கிற பையனுக்கு அதே ஊரில் மேல்படிப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்துவிட்டது.

சட்டசபையில் காவி வேட்டி

சாமியார் 1926-லேயே சென்னைச் சட்டசபைக்குப் போனார். சுதந்திரத்துக்குப் பிறகு 1952, 1957 தேர்தல்களில் சிதம்பரம் இரட்டை அங்கத்தினர் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தார். கல்வி, நிலம், கோயில் நுழைவு என்று அங்கே அவர் பேசியது எல்லாமே தம் ஜனங்களுக்காக.

கோயில் விஷயத்தில் அவர் ரொம்ப மெதுவாகப் போனார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. சைவச் சாமியாராகவே இருந்துவிட்டாரே என்று கோபித்தவர்களும் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். அவர் ஊருக்கு வந்தது 1910-ல். முப்பத்தேழு வருஷம்! கோபுரம் தினமும் கண்ணில் படும். உள்ளே போகிற உரிமை தம் ஜனத்துக்குக் கிடையாது. அத்தனை வருஷமும் அவர் தெற்கு வாசலில் போய் நின்றுகொண்டே இருக்கவில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாசல் திறக்கும்வரை இன்னொன்றைத் திறந்து வைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த வாசல் வழியாக வந்தவர்கள் ஆசிரியர்களானார்கள், குமாஸ்தாக்களானார்கள், அதிகாரிகளானார்கள். ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்குள் ஒட்டுதல் தனி. அண்ணன் படித்த இடம் என்று தம்பியைக் கொண்டுவந்து விடுவார்கள், பக்கத்துத் தெருப் பையனையும் கூட்டி வருவார்கள். சொத்தும் சிபாரிசும் இல்லாத ஜனத்துக்குப் பழைய மாணவர் என்ற உறவுதான் சிபாரிசு.

சகஜானந்தர் 1959 மே 1-ல் காலமானார். அப்போதும் அவர் எம்.எல்.ஏ.தான். பள்ளியைப் பின்னாளில் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இப்போது ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மேல்நிலைப் பள்ளிகளாக நடக்கிறது. அவருக்கு அரசு மணிமண்டபமும் கட்டியிருக்கிறது. ஜனவரி 27-ல் அங்கே மாலை போட வருகிற கூட்டத்தில் தலை நரைத்த பழைய மாணவர்களையும் பார்க்கலாம்.