எல்லப்பிரகட சுப்பாராவ்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறிய அவர், சென்னைக்கு வந்து பயின்று மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்றபோது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர் அதனை விரும்பவில்லை. தகுதி இருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக அதனினும் தாழ்ந்த சான்றிதழே அவருக்குக் கிடைத்தது.

பின்னர் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றார். மருத்துவமனையில் கடைநிலைப் பணியாளராக உழைத்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1940ஆம் ஆண்டு லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் உருவாக்கியது. உயிரணுக்கள் பெருகுவதற்கு இன்றியமையாத சத்து அது.

அக்காலத்தில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் பிழைப்பதில்லை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகைகளை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். இரத்தப் புற்றுநோய் தணியவில்லை. முன்னிலும் விரைந்து முற்றியது. இச்சத்து நோயை வளர்க்குமாயின், இதனைத் தடுக்கும் பொருள் நோயை அடக்கலாம் அன்றோ? சுப்பாராவின் குழு அத்தகைய பொருளை உருவாக்கித் தந்தது. அமினோப்டெரின் என்னும் அம்மருந்து, தோற்றத்தில் ஃபோலிக் அமிலத்தை ஒத்திருந்து, அதன் செயலைத் தடுத்தது.

1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் இம்மருந்தைக் குழந்தைகளுக்கு அளிக்கத் தொடங்கினார். 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. எனினும் அத்தணிவு நிலைக்கவில்லை. இவ்விரு செய்திகளையும் அவர் 1948ஆம் ஆண்டு மறைக்காமல் வெளியிட்டார். அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் சுப்பாராவ் காலமானார். தம் மருந்தின் முழுப்பயனை அவர் காணவில்லை.

பின்வந்த மருத்துவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருந்துச் சோதனைகளை நடத்தினர். எம்மருந்தை எதனுடன் சேர்ப்பது, எவ்வளவு கொடுப்பது என்பன அவற்றால் தெளிவாயின. அமினோப்டெரினுக்கு நெருங்கிய மெத்தோட்ரெக்சேட் இன்றும் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. இளங்குழந்தைகளின் மூளைக்கட்டிகள் சிலவற்றிற்கும் அளிக்கப்படுகிறது. குருதியிலிருந்து மூளைக்குள் மருந்து எளிதில் புகாது. ஆதலின் அதனைத் தண்டுவட நீரில் செலுத்தும் முறையும் உண்டு.

இக்காலத்தில் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் பெற்றோரின் இசைவும் பெற்ற பின்னரே குழந்தைகளை இத்தகைய சோதனைகளில் சேர்க்கின்றனர். விவரம் அறிந்த குழந்தையாயின் அதன் விருப்பத்தையும் கேட்கின்றனர். முதற்சோதனையில் பங்குகொண்ட அக்குழந்தைகள் நோயிலிருந்து முற்றும் மீளவில்லை. அவர்களால் கிடைத்த அறிவு பின்வந்த குழந்தைகள் பலரை வாழவைத்தது.

சுப்பாராவின் நூற்றாண்டாகிய 1995இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டுச் சிறப்பித்தது.

சொற்பொருள்
இன்றியமையாத – இல்லாமல் முடியாத
குருதி – இரத்தம்
இசைவு – சம்மதம்

விடை எழுதுக
1. சுப்பாராவுக்கு உரிய பட்டம் கிடைக்காமைக்குக் காரணம் யாது?
2. ஃபோலிக் அமிலம் நோயை வளர்த்தது என்னும் முடிவு எவ்வாறு பயன்பட்டது?
3. மருந்து பலன் தராத செய்தியையும் வெளியிடுதல் ஏன் தேவை?